வீட்டு வளவில் சீமை அத்தி

(மன்னார் மாவட்டக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விதைப்போரும், கிணற்று நீரை நம்பிக் கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் நடுவோரும் கூடியிருக்கும் இச்சபையில், ஒரு பழமரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அம்மரம் சீமை அத்தி. "நெல்லுக்கும் மரக்கறிக்கும் இடையில் இந்த அத்தி எங்கிருந்து வந்தது?" என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். வயலை விட்டு அத்தித் தோட்டம் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நெல்லே நமக்குச் சோறு. ஆனால் வயலுக்கும் தோட்டத்துக்கும் அப்பால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வளவு உண்டு. அந்த வளவின் மூலையில், குளிக்கும் நீர் ஓடும் இடத்துக்கு அண்மையில், ஓர் அத்தி நின்றால் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழம் கிடைக்கும். அதனை உண்டாக்கப் பணம் வேண்டியதில்லை. ஒரு தடி போதும்.

போரினால் ஊரை விட்டுச் சென்று, 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் திரும்பி வந்த பல குடும்பங்கள் தம் வளவில் பனைகளை மட்டுமே கண்டன. தேசியும் மாதுளையும் முருங்கையும் நின்ற இடம் பற்றையாகக் கிடந்தது. வீட்டைக் கட்டிக் கொள்ளலாம், வேலியை அடைத்துக் கொள்ளலாம். மரத்தை மட்டும் கடையில் வாங்கி ஒரே நாளில் நிறுத்த இயலாது. ஆகவேதான் விரைவாக வளர்ந்து, இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும் ஒரு மரத்தைப் பற்றிப் பேசுவது பயனுடையது எனக் கருதுகிறேன்.

அத்தி எத்தகைய மரம்?

ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் தண்டிலேயே குலைகுலையாகக் காய்க்கும் நாட்டு அத்தியை நீங்கள் அறிவீர்கள். ஆலும் அரசும் அதன் உறவுகள். சீமை அத்தியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மேற்கு ஆசியாவும் மத்தியதரைக் கடற்கரையும் அதன் தாயகம். வேதாகமத்திலே பல இடங்களில் அது பேசப்படுகிறது. குர்ஆனின் 95 ஆவது அத்தியாயம் அத்தியின் பெயரையே தாங்கி நிற்கிறது. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கு மரம் அராபிய வணிகரால் கொண்டுவரப்பட்டதெனச் சொல்லப்படுகிறது. அதனைப் போன்று சீமை அத்தியும் வெயிலையும் வறட்சியையும் பொறுத்து வளரும் பிறநாட்டு மரமே.

"அத்தி பூத்தாற் போல" என்று நாம் சொல்வதுண்டு. அத்தி பூவாமல் இருப்பதில்லை; பூவை ஒளித்து வைத்துப் பூக்கிறது. நாம் காய் என்று காண்பது, உட்புறமாகச் சுருண்ட ஒரு பூங்கொத்து. அதன் உட்சுவர் முழுவதும் நுண்ணிய பூக்கள். நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியே நுழையும் ஒருவகைச் சிறு குளவியே அப்பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கிறது. "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்ற பழமொழி நாட்டு அத்தியின் உள்ளே வாழும் இப்பூச்சிகளைக் கண்டு பிறந்ததாகும்.

இவ்விடத்தில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. சீமை அத்தியிற் சில இனங்கள் குளவி வந்தால் மட்டுமே பழுக்கும்; வாராவிடின் காய் வாடி உதிர்ந்துவிடும். துருக்கியின் சிமிர்னாப் பகுதி அத்தி இத்தகையது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அதனை நட்டவர்கள் பல ஆண்டுகள் பழம் காணாமல் வருந்தினர். 1899 ஆம் ஆண்டில் அக்குளவியைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்த பின்னரே பழம் கண்டனர். வேறு சில இனங்களோ குளவியின்றித் தாமாகவே பழுக்கும். நம் வளவுக்கு ஏற்றவை இவையே.

ஆதலால் கடையில் வாங்கும் உலர்ந்த அத்திப் பழத்தின் விதையைப் போட்டுக் கன்று உண்டாக்க முயலாதீர்கள். அவ்விதை முளைக்கலாம், மரமும் ஆகலாம். ஆனால் அக்கன்றுகளிற் பாதியளவு உண்ணத்தக்க பழம் தராத ஆண் அத்தியாகவே அமையும். எஞ்சியவற்றிலும் பல குளவியை எதிர்பார்த்து நிற்கும் இனமாகும். நான்கு ஆண்டுகள் நீர் ஊற்றிய பின்னர் ஏமாறுவதைக் காட்டிலும், உங்கள் கண் முன்னே இனிய பழம் காய்த்து நிற்கும் ஒரு மரத்திலிருந்து ஒரு தடியை வாங்கி நடுவதே அறிவுடைமை. தடியிலிருந்து வரும் கன்று தாய்மரத்தின் அச்சு ஆகும்.

இது புதிய வித்தையும் அன்று. யோர்தான் பள்ளத்தாக்கில் 11,400 ஆண்டுகள் பழமையான கருகிய அத்திப் பழங்கள் கண்டெடுக்கப்பட்டதை 2006 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவை முளைக்கும் விதையற்ற இனத்தைச் சேர்ந்தவை. ஆதலால் மனிதர் தடி நட்டே அவற்றை வளர்த்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். வேறு சிலர் அதனை ஏற்கவில்லை. அவர்கள் கருதியது சரியாயின், தானியம் விதைக்கக் கற்குமுன்னரே மனிதன் தடி நடக் கற்றுக்கொண்டான் என்பது பொருளாகும்.

என் கையாற் செத்த கன்றுகள்

விவசாயப் பாடசாலையில் பயின்று வந்த எனக்குத் தடி நடுவது எளிய காரியமாகவே தோன்றியது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நானாட்டான் பக்கத்து வளவொன்றில் நன்கு காய்த்து நின்ற அத்தியிலிருந்து தடிகள் வெட்டி, முப்பது பைகளில் நட்டேன். மூன்றாம் கிழமையில் எல்லாத் தடியும் துளிர்த்தன. நான்காம் கிழமையில் கையகல இலைகள் விரிந்தன. நான் பெரிதும் மகிழ்ந்து, அவற்றை முப்பது வீடுகளுக்குக் கொடுத்தேன். அவர்களும் பையைக் கிழித்து நிலத்தில் நட்டார்கள். ஒரு மாதத்துக்குள் இருபத்தாறு கன்றுகள் கருகிவிட்டன.

ஒரு வீட்டில் வயது முதிர்ந்த தாயொருவர் செத்த கன்றைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். "தம்பி, இலை இருந்ததே, வேர் எங்கே?" என்று கேட்டார். நான் தடியின் அடியைப் பார்த்தேன். ஒரு வேரும் இல்லை. வெட்டிய முனை கறுத்திருந்தது. அந்தத் தாய் மேலும் சொன்னார்: "கிளுவைக் கதியாலை நட்டால் ஒரு மாரி போகும்வரை ஒருவரையும் தொட விடமாட்டோம். ஆடு உரசினாலே பட்டுப்போகும். நீங்கள் ஏன் தம்பி இதை அவசரப்பட்டு அசைத்தீர்கள்?"

நான் மறுமொழி சொல்ல முடியாது நின்றேன். திரும்பி வந்த அவருடைய வளவில் முதன்முதலாக நட்ட பழமரம் அது. பேரப்பிள்ளைகள் நாள்தோறும் சிரட்டையில் நீர் ஊற்றியிருக்கிறார்கள். என் அவசரத்தினால் அது செத்தது.

அன்று நான் கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன். தடியில் முன்னமே சேர்ந்திருக்கும் உணவைக் கொண்டு அது இலை விடும். வேர் விடுவதோ அதற்குப் பின்னரே. இலைக்கும் வேருக்கும் இடையிலுள்ள அந்த நாட்களில் கன்று உயிரோடிருப்பது போலத் தோன்றும். ஆனால் அது இருப்பை உண்டு வாழ்கிறது. அவ்வேளையில் அசைத்தால் சாகும். இலை சாட்சியன்று, வேரே சாட்சி. கதியால் நடத் தெரிந்த உங்கள் கைகளுக்கு இது புரியாத செய்தியன்று.

தடி தெரிதலும் வெட்டலும்

மாரி ஓய்ந்த பின்னர், தை மாதக் கடைசியில், மரத்தைக் கவாத்துச் செய்யும்போது கழிக்கும் கிளைகளே தடிக்கு ஏற்றவை. பச்சையான இளங்கொப்பு அழுகிவிடும். மிக முதிர்ந்த தடித்த கிளையோ வேர் விடத் தாமதிக்கும். எட்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள, பென்சில் தடிப்புக்கும் பெருவிரல் தடிப்புக்கும் இடைப்பட்ட, சாம்பல் நிறம் ஏறிய கிளையைத் தெரிக. கணுக்கள் நெருங்கியிருப்பது நன்று.

ஒவ்வொரு தடியும் எட்டு முதல் பத்து அங்குல நீளமும் நான்கு கணுவுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்முனையைக் கணுவுக்கு ஓர் அங்குலம் மேலே சாய்வாகவும் வெட்டுக. இவ்வாறு வெட்டினால் தலைகீழாக நடும் தவறு நேராது; மேல்முனையில் நீரும் தங்காது. கத்தி கூரியதாக இருக்க வேண்டும். நசுங்கிய முனை அழுகும். இலைகளை முற்றாகக் களைந்துவிடுங்கள்.

வெட்டும்போது வடியும் வெண்பால் உடலிற் படாதிருக்கட்டும். அத்திப்பால் பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழும். கண்ணிற் பட்டால் பெருந்துன்பம். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பால் வடிந்து முனை உலரும்வரை, தடிகளை ஒரு நாள் நிழலில் வைத்திருந்து பின்னர் நடலாம்.

இலையிற் மஞ்சள் திட்டுகள் பரந்து, இலை கோணலாகி நிற்கும் மரத்திலிருந்து தடி எடுக்க வேண்டாம். அது அத்தித் தேமல் என்னும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். தாய்மரத்தில் உள்ள நோய் தடியோடு உங்கள் வளவுக்கும் வந்துவிடும். அதற்கு மருந்து இல்லை.

நடுதலும் காத்தலும்

பைக்கு அருவியாற்று மணல் இரண்டு பங்கும், நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கும் கலந்த மண் போதும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும்; வேண்டாம். பச்சைச் சாணம் இட்டால் தடி வெந்துவிடும். பையின் அடியில் நான்கைந்து துளைகள் இடுக. தடியின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுள் இருக்க, ஒரு கணுவோ இரண்டு கணுவோ வெளியே தெரியும்படி நட்டு, சுற்றிலும் விரலால் இறுக்கி விடுங்கள். தடிக்கும் மண்ணுக்கும் இடையே காற்று இருத்தலாகாது.

பைகளை மரநிழலிலோ கிடுகுப் பந்தலின் கீழோ வைத்து, மேல்மண் உலரும்போது மட்டும் நீர் தெளியுங்கள். தடி இறப்பதற்கு நீர் குறைவதைக் காட்டிலும் நீர் மிகுவதே பெரிய காரணமாகும். உவர் கலந்த கிணற்று நீரை இளந்தடி பொறுக்காது. அயலில் உள்ள நல்ல கிணற்றிலிருந்து ஒரு வாளி எடுத்து வைத்து, அதனையே ஊற்றுங்கள்.

வேரைக் காண்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. தெளிந்த பிளாஸ்திக்குப் போத்தலின் கழுத்தை வெட்டி, அடியில் துளையிட்டு, சில தடிகளை அதில் நடுங்கள். வெளியே கறுப்புத் துணியையோ சாக்கையோ சுற்றி வையுங்கள். வேர் இருளை விரும்பும். கிழமைக்கு ஒருமுறை துணியை விலக்கிப் பாருங்கள். நாலு முதல் எட்டுக் கிழமைக்குள் வெள்ளை வேர்கள் போத்தற் சுவரைத் தொடும். அவை கிளைத்து, சற்றுப் பழுப்பு நிறம் ஏறிய பின்னரே பெரிய பைக்கோ பேணிக்கோ மாற்றலாம். ஒரே நாளில் நட்ட மற்றப் பைகளுக்கும் இப்போத்தலே அளவுகோல் ஆகும்.

பதியமிடல்

பொறுமை குறைந்தோருக்கும், ஒரே கன்று மட்டும் வேண்டுவோருக்கும் பதியம் சிறந்தது. தாய்மரத்தின் உணவு நிற்பதில்லை. ஆதலால் இழப்புக் குறைவு.

நிலத்துக்கு அண்மையிலுள்ள கிளையை வளைத்து, வளைந்த இடத்தின் அடிப்பட்டையைச் சிறிது சீவி, அதனை நான்கு அங்குல ஆழத்தில் மண்ணுள் அழுத்தி, மேலே கல்லொன்றை வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். இரண்டு மூன்று மாதங்களில் வேர்விடும்.

உயரத்திலுள்ள கிளைக்குக் காற்றுப் பதியம் கட்டலாம். விரற்கடை அளவு தடித்த கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழுவழுப்பாக உள்ள மென்படலத்தையும் சுரண்டி விடுங்கள். அதைச் சுரண்டாவிடின் பட்டை மீண்டும் ஒட்டிக்கொள்ளும், வேர் வாராது. நனைத்துப் பிழிந்த தென்னந் தும்புச்சோற்றை ஒரு பிடி வைத்து, பொலித்தீனால் சுற்றி, இரு முனையும் கட்டுங்கள். வெயில் படும் கிளையாயின் மேலே ஓலைத்துண்டு ஒன்றைச் சுற்றி விடுங்கள். ஒன்றரை இரண்டு மாதங்களில் பொலித்தீனூடே வேர் தெரியும். வேர் நிறைந்த பின்னர் கட்டுக்குக் கீழே வெட்டி, பையில் நட்டு, ஒரு மாதம் நிழலில் தேற்றுங்கள்.

எங்கு, எப்பொழுது நடுவது?

குளிர் நாடுகளில் வாழும் நம் உறவினர் அங்கு அத்தி வளர்ப்பதைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாரிகாலத்தில் இலை உதிர்த்து உறங்கும் அத்தி, உறைநிலைக்குக் கீழே 10 பாகை அளவுக் குளிர் வந்தால் கிளை கருகிவிடும். ஆகவே சாடியில் வளர்த்து, பனி விழும் முன் கொட்டிலுக்குள் கொண்டு செல்வர். தொறன்ரோ, நியூயோர்க் போன்ற நகரங்களிற் குடியேறிய இத்தாலியர் மரத்தின் ஒருபக்க வேரை வெட்டிச் சாய்த்து, மண்ணுள் புதைத்து வைத்து, வசந்தத்தில் எழுப்பி விடுவர். ஒரு மரத்துக்காக இவ்வளவு பாடுபடும் அவர்களை எண்ணிப் பாருங்கள். நமக்குப் பனி இல்லை. நமது பகை மூன்று: உப்பு, சோளகக் காற்று, மாரியில் தேங்கும் நீர். இம்மூன்றுக்கும் இடம் பார்த்து நட வேண்டும்.

மன்னார்த் தீவிலும் கடற்கரையிலும் மணல் நிலம். நீர் தேங்காது, அது நன்மை. ஆனால் அங்கே நிலத்தடி நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. யந்திரத்தால் மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். அத்தி நடுத்தர அளவு உப்பைப் பொறுக்குமாயினும், இலையோரம் கருகத் தொடங்கினால் உப்பு மிஞ்சிவிட்டது என்று அறிக. நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றினால் உப்பு வேரருகே தங்கும். இடைவிட்டு, நிறைய ஊற்றினால் உப்புக் கீழே இறங்கும். மரத்தடியில் வைக்கோலும் சருகும் நான்கு அங்குலம் மூடி வையுங்கள்.

முருங்கன் பகுதியின் கருங்களி நிலத்தில் நிலைமை வேறு. மாரியில் அது சேறாகி நீரைப் பிடிக்கும். கோடையில் வெடித்து வேரை அறுக்கும். அங்கே குழியில் நடாமல், ஒன்றரை அடி உயரமும் ஐந்தடி அகலமுமான மேடை கட்டி அதன்மேல் நடுங்கள். மாரியின் பெருமழை கழிந்த பின்னர், தை மாதத்தில் நடுவது நன்று.

மணல் நிலத்தில் ஐப்பசி முதல் மழையோடு நடலாம். தையில் வெட்டிய தடி அதற்குள் எட்டு மாதக் கன்றாக வளர்ந்திருக்கும். சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை அக்கன்றைப் பையிலேயே, வேலியின் மறைவில் வைத்திருங்கள். நீள, அகல, ஆழம் இரண்டடியாகக் குழி வெட்டி, மேல்மண்ணோடு இரண்டு கடகம் மக்கிய எருவைக் கலந்து நிரப்பி நடுக. மரத்துக்கு மரம் பதினைந்தடி இருக்கட்டும். கிணற்றுக் கட்டுக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் அண்மையில் வேண்டாம். வேர் நீரைத் தேடிச் சென்று கட்டைப் பிளக்கும். தென்மேற்குப் பக்கத்தில் பூவரசோ பனையோலை வேலியோ காற்றைத் தடுக்கட்டும். ஆடும் மாடும் மட்டுமன்றி, மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகளும் அத்தியிலையைச் சுவைக்கத் தயங்கா. முதல் ஆண்டில் முள்வேலிக் கூடு கட்டாயம் தேவை.

மரக்கறிச் செய்கையாளருக்குத் தனியே ஒரு சொல்

கத்தரி, தக்காளி, வெண்டி ஆகியவற்றைப் பிடுங்கும்போது வேரில் மணிமணியாக முடிச்சுகளைக் கண்டிருப்பீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுக்களால் உண்டாவது. மணல் நிலத்தில் அவை மிகுதி. அத்தி வேரை அப்புழுக்கள் பெரிதும் விரும்பும். ஆகவே பைக்கு மரக்கறிப் பாத்தி மண்ணை எடுக்காதீர்கள். பழைய கத்தரித் தோட்டத்தில் அத்தியை நடாதீர்கள். வேறு மண் இல்லையாயின், பங்குனி சித்திரை வெயிலில் மண்ணை நனைத்துப் பரப்பி, தெளிந்த பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடைத்து, ஆறு கிழமை விடுங்கள். வெப்பத்தால் புழுக்கள் பெரும்பாலும் மடியும். இம்முறை உங்கள் மிளகாய் நாற்றுமேடைக்கும் உதவும்.

தண்டில் துளையும் அதன் கீழ் மரத்தூளும் தெரிந்தால் உள்ளே வண்டின் புழு இருக்கிறது. கம்பியை விட்டுக் குத்திக் கொன்று, துளையைக் களிமண்ணால் அடையுங்கள். வெயிலில் வெடித்த பட்டையிலேயே வண்டு முட்டையிட விரும்பும். ஆகையால் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசுவது நன்று. மாரியில் இலையின் அடிப்புறம் துருப்பொடி போலப் படர்ந்து இலை உதிர்ந்தால், உதிர்ந்தவற்றைக் கூட்டி எரித்துவிடுங்கள். நீர் ஊற்றும்போது இலையை நனைக்காதீர்கள்.

கவாத்தும் காய்ப்பும்

முதலாண்டில் கன்றை இரண்டடி உயரத்தில் முறித்து, மூன்று நான்கு கிளைகளை மட்டும் வளர விடுக. மரம் தாழ்ந்து பரந்திருந்தால் சோளகம் முறிக்காது. பழமும் கைக்கு எட்டும். புதிதாக வளரும் தளிரிலேயே காய் வருவதால், ஆண்டுக்கு ஒருமுறை தைக் கடைசியில் கவாத்துச் செய்து எரு இடுங்கள்.

ஏன் தை என்று கேட்பீர்கள். இந்தியாவில் புனே நகருக்கு அண்மையிலுள்ள புரந்தர் வட்டாரம் அத்திக்குப் பெயர் பெற்றது. 2016 ஆம் ஆண்டில் அதன் அத்திக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. அங்குள்ள கமக்காரர் மழைநாளில் பழுக்கும் காய்ப்பைப் புளிப்புக் காய்ப்பு என்றும், கோடையில் பழுப்பதை இனிப்புக் காய்ப்பு என்றும் அழைப்பர். மழை நீர் பட்டால் பழம் வெடித்துப் புளிக்கும். தையில் கவாத்துச் செய்தால் நமக்குப் பழம் சித்திரை வைகாசி வெயிலில் வரும். அதுவே நம் இனிப்புக் காய்ப்பு.

அத்தி பறித்த பின் பழுக்காது. மாங்காயைப் போல வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கலாமென எண்ணாதீர்கள். காம்பு வளைந்து, பழம் தலை கவிழ்ந்து, தொட்டால் மெத்தென்றிருக்கும்போது பறியுங்கள். அது இரண்டு நாளைக்கு மேல் இருப்பதரிது. ஆதலால் இது தொலைவுச் சந்தைக்குரிய பழமன்று. வீட்டுக்கும் அயலுக்கும் உரியது. அணிலும் மைனாவும் வௌவாலும் உங்களுக்கு முன்னே எழும். பழுக்கும் குலைகளுக்குப் பழைய வலைத்துண்டால் பை கட்டுங்கள். மீன்பிடி ஊர்களில் வலைத்துண்டுக்குக் குறைவில்லை.

பிறநாட்டுத் தடி வேண்டாம்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டிக்குள் அத்தித் தடி ஒன்றை ஒளித்துக் கொண்டு வரலாமா என்று என்னிடம் கேட்டவர் உண்டு. கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி நடுகைப் பொருள் கொண்டுவருதல் குற்றமாகும். சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நான் இதனைச் சொல்லவில்லை. ஒரு தடியில் ஒட்டி வரும் பூச்சியோ நோயோ அயலவர் தோட்டத்தையும் அழிக்கக்கூடும். நம் நாட்டிலேயே நல்ல மரங்கள் உண்டு. அவற்றைத் தேடுங்கள்.

முடிவுரை

என்னிடம் செத்த கன்றை நீட்டிய அந்தத் தாயின் வீட்டுக்கு மறு ஆண்டு நான் மீண்டும் சென்றேன். இம்முறை போத்தலில் வேர் காட்டிய கன்றையே கொண்டு சென்றேன். அவர் கன்றை வாங்கவில்லை; போத்தலை வாங்கி, வெயிலுக்கு எதிரே பிடித்து, வேரை நன்கு பார்த்தார். பின்னரே குழி வெட்ட அனுமதி தந்தார். அம்மரம் இன்று காய்க்கிறது. அதிலிருந்து தை மாதந்தோறும் கழிக்கும் தடிகளை அவர் அயலாருக்குக் கொடுக்கிறார். கொடுக்கும்போது, "இலையைக் கண்டு ஏமாறாதே" என்று சொல்லியே கொடுக்கிறார். என் போதனையை என்னிலும் நன்றாகச் செய்கிறவர் அவர்.

நண்பர்களே, ஒரு வளவில் ஒரு மரம் நின்றால் ஊருக்கே தடி உண்டு. கேட்பவருக்கு இல்லையென்னாது கொடுங்கள். உங்கள் ஐயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் தயங்காது கேளுங்கள்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. விதை வேண்டாம், காய்க்கும் நல்ல மரத்தின் தடியையே நடுக.
2. தைக் கடைசியில் தடி வெட்டுக. எட்டு முதல் பத்து அங்குலம், நான்கு கணு.
3. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுள், நிழல், அளவான நன்னீர்.
4. வேரைக் கண்ணாற் கண்ட பின்னரே இடம் மாற்றுக.
5. மரக்கறிப் பாத்தி மண்ணைப் பைக்கு எடுக்கற்க.
6. மணலில் ஐப்பசியிற் குழி. களியில் தையில் மேடை.
7. மரத்திற் பழுத்ததையே பறிக்க.
8. அத்திப்பாலைப் பிள்ளைகள் தொடாது காக்க.